புவெர்த்தோ வயார்த்தாவில் எதை, எங்கே, யாரிடம் வாங்குவது?

மெக்சிகோவின் பசிபிக் கரையிலுள்ள புவெர்த்தோ வயார்த்தாவுக்குக் கிளம்புகிற நண்பர்கள், எந்த விடுதியில் தங்கலாம், திமிங்கிலம் பார்க்க எந்த மாதம் நல்லது என்று விசாரித்து முடித்ததும், அங்கே என்ன வாங்கலாம் என்று என்னிடம் கேட்பது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. நாங்கள் டொராண்டோவில் வசிக்கிறோம். குளிர்காலத்தில் இங்கிருந்து நேரடி விமானம் இருப்பதால் அந்த ஊர் எங்கள் குடும்பத்துக்கு நன்றாகப் பழகிப்போன ஊர். கடற்கரையைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். எனக்கு அங்குள்ள கைவினைஞர்கள்மீது தீராத மதிப்பு உண்டு, அதனால் கடைவீதியைப் பற்றி எழுதுகிறேன்.

அங்கே ஒரே கடையின் ஒரே அலமாரியில், ஊருக்குப் பின்னால் எழுந்து நிற்கும் சியரா மாத்ரே மலைகளில் வாழும் மக்கள் கையால் செய்த பொருளும், புவெப்லா, ஒஹாக்கா போன்ற தொலைதூர மெக்சிகோ மாநிலங்களிலிருந்து வந்த பொருளும், வேறு ஏதோ நாட்டுத் தொழிற்சாலையில் அச்சில் வார்த்து 'மெக்சிகோ' என்று எழுதி இறக்குமதி செய்யப்பட்ட பொருளும் தோளோடு தோள் உரசி நிற்கும். விலையை மட்டும் வைத்து இவற்றைப் பிரித்தறிய முடியாது, ஏனென்றால் கடற்கரையோரக் கடைகளில் அச்சுப் பொருளுக்கும் கைப்பொருளின் விலையைக் கேட்பார்கள். ஆகவே எந்தக் கடை என்பதைவிட, பொருளில் எதைப் பார்க்க வேண்டும், யாரிடம் வாங்கினால் செய்தவர் கைக்குப் பணம் போகும் என்பதே என் கவலை.

முதலில் ஊரின் அமைப்பு. ஹாலிஸ்கோ மாநிலத்தில், பண்டேராஸ் விரிகுடாவின் ஓரமாக வடக்கு தெற்காக நீண்டு கிடக்கும் ஊர் இது. வடக்கே விமான நிலையம், அடுத்துப் படகுகள் நிற்கும் மரினா, சொகுசுக் கப்பல்கள் வந்து சேரும் துறைமுகம், பெரிய விடுதிகளின் வரிசை, பிறகு குவாதலூப்பே மாதா தேவாலயத்தைச் சுற்றிய பழைய நகர மையம் என்று வரும். அதன் தெற்கு எல்லையில் குவாலே ஆறு கடலில் கலக்கிறது. ஆற்றைத் தாண்டினால் எமிலியானோ சபாட்டா என்ற குடியிருப்பு. பயணிகள் அதை ரொமான்டிக் பகுதி என்பார்கள். வாங்கத் தகுந்த பொருட்களில் பெரும்பாலானவை பழைய மையத்திலும், ஆற்றின் நடுவிலுள்ள குவாலே தீவிலும், ஆற்றுக்குத் தெற்கே உள்ள தெருக்களிலும்தான் கிடைக்கின்றன. விடுதி வரிசையிலிருந்து நகரப் பேருந்தில் ஏறினாலே மையத்துக்குப் போய்விடலாம்.

கப்பல் துறைமுகத்துக்கு எதிரே கலேரியாஸ் வயார்த்தா என்ற பெரிய வணிக வளாகம் இருக்கிறது; பக்கத்திலேயே வால்மார்ட்டும் சாம்ஸ் கிளப்பும் உள்ளன. நீச்சல் உடை, வெயில் களிம்பு, மறந்துவிட்டுப் போன மின்னேற்றி போன்றவற்றுக்கு இவை போதும். நினைவுப் பொருளுக்காக அங்கே நேரம் செலவிட வேண்டாம். கப்பலில் வந்து சில மணி நேரமே தங்குகிறவர்கள் பலர் இந்த வளாகத்தோடு திரும்பிவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அங்கிருந்து பழைய நகரம் ஒரு குறுகிய பேருந்துப் பயண தூரம்தான்.

மலெகோன் என்னும் கடலோர நடைபாதையைப் பற்றியும் சுருக்கமாகவே சொல்கிறேன். 2011இல் வாகனங்களை விலக்கி, நடப்பவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட இந்தப் பாதையில் மாலை நேரத்தில் நடப்பது இனிமையான அனுபவம். கடல்குதிரைமீது அமர்ந்த சிறுவன் முதலான வெண்கலச் சிலைகளை நின்று பார்க்கலாம். ஆனால் அங்கே வாடகை அதிகம், விலையும் அதற்கேற்ப அதிகம். டி-சட்டைகளும் அச்சில் வார்த்த மண்டையோட்டு பொம்மைகளும் சாவிக்கொத்துகளுமே மிகுதி. இலவசக் காலையுணவு தருகிறோம், பாதி விலையில் படகுப் பயணம் தருகிறோம் என்று மறிப்பவர்கள் கடைக்காரர்கள் அல்லர். விடுதி அறையை ஆண்டுக்குச் சில நாட்கள் பயன்படுத்தும் உரிமையை, அதாவது டைம்ஷேரை, விற்பவர்கள். நின்று பேசினால் உங்கள் அரை நாள் அவர்களுடையதாகிவிடும். வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு நடையைத் தொடருங்கள்.

குவாலே ஆற்றங்கரையில், மையத்தின் பக்கம், மாநகரச் சந்தை இரண்டு தளங்களில் இருக்கிறது. கீழ்த்தளத்தில் நெருக்கமாக அடுக்கிய சிறு கடைகள். மேல்தளத்தில் உள்ளூர்க்காரர்கள் மதிய உணவு சாப்பிடும் சிறு உணவுக் கடைகள். சந்தையிலிருந்து இறங்கி ஆற்றுத் தீவுக்குப் போனால், பெரிய மரங்களின் நிழலில் கடைகள் வரிசையாக இருக்கும். கிளைகளில் உடும்பு அளவுள்ள இகுவானா என்ற பெரிய பல்லிகள் அசையாமல் கிடக்கும். அங்கே கடைக்காரர்கள் வாய் ஓயாமல் அழைப்பார்கள். அதைத் தொல்லையாக எடுத்துக்கொள்ளாமல் சிரித்துக்கொண்டே நடந்தால் போதும். தோல் செருப்பு, பின்னல் பை, தொப்பி, ஊஞ்சல் படுக்கை, போர்வை எல்லாம் கிடைக்கும். போர்வை வாங்கும்போது கையால் தடவிப் பாருங்கள். பளபளப்பும் வழுவழுப்பும் இருந்தால் அது செயற்கை இழை. காரின் பின்னிருக்கையில் விரிக்க அது போதும், ஆனால் கம்பளி என்று சொல்லி விற்றால் அந்த விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

இந்தச் சந்தையில் பேரம் உண்டு. முதலில் சொல்லும் விலை, நீங்கள் குறைத்துக் கேட்பீர்கள் என்று எதிர்பார்த்துச் சொல்லப்படும் விலை. இரண்டு மூன்று கடைகளில் ஒரே பொருளின் விலையைக் கேட்டுவிட்டு, வாங்கும் எண்ணம் உறுதியான பிறகு பேசுங்கள். ஒரே கடையில் இரண்டு மூன்று பொருட்களைச் சேர்த்து வாங்கினால் இறங்கி வருவார்கள். ஆனால் இந்தப் பேரம் வாங்கி விற்கும் வியாபாரியிடம் பேச வேண்டியது. தரையில் துணி விரித்து, தானே கோத்த மணிமாலைகளைப் பரப்பி வைத்திருக்கும் பெண்ணிடம் அடிமாட்டு விலைக்குக் கேட்பதை என்னால் ஏற்க முடியாது. அவர் சொல்லும் தொகையில் அவருடைய நாட்கூலியே முழுதாக அடங்கியிருக்காது. விலை கட்டுப்படியாகவில்லை என்றால் சிறியதாக ஒன்றை எடுத்துக்கொண்டு, கேட்ட பணத்தைக் கொடுத்துவிடலாம்.

அந்தப் பெண்கள் பெரும்பாலும் விராரிகா இனத்தவர். வெளியார் அவர்களை ஹுயிச்சோல் என்றும் அழைப்பார்கள். கடைப் பலகைகளில் அந்தப் பெயரைத்தான் அதிகம் காண்பீர்கள். ஹாலிஸ்கோ, நயாரித், துராங்கோ, சகத்தேகாஸ் மாநிலங்கள் சந்திக்கும் மலைப்பகுதி அவர்களுடைய தாயகம். சான் லூயிஸ் பொத்தோசியிலுள்ள விரிகுத்தா பாலைநிலத்துக்கு அவர்கள் காலங்காலமாக மேற்கொண்டுவரும் புனிதப் பயணப் பாதையை 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவர்களுடைய கைவேலையை, இந்த ஊரில் எதையாவது வாங்குவது என்றால் முதலில் பார்க்க வேண்டிய பொருளாக நான் கருதுகிறேன்.

அவர்களுடைய மணிவேலை எப்படிச் செய்யப்படுகிறது என்பதைப் பழைய மையத்தில் ஒரு கடை வாசலில் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்திருக்கிறேன். சுரைக்குடுக்கையைப் பாதியாக வெட்டிக் காயவைத்த கிண்ணத்தின் உட்புறத்தில் தேன்மெழுகைக் கைச்சூட்டில் இளக்கி மெல்லிய பூச்சாகத் தடவுகிறார்கள். பிறகு ஊசி நுனியில் ஒரே ஒரு கண்ணாடி மணியைக் குத்தி எடுத்து, துளை மேல்நோக்கி இருக்கும்படி மெழுகில் பதித்து, விரல் நகத்தால் அழுத்துகிறார்கள். அடுத்த மணி அதை ஒட்டி உட்கார வேண்டும். நடுவில் ஒரு மான், சுற்றிலும் பெயோத்தே கள்ளிப் பூக்கள், விளிம்பில் மக்காச்சோளக் கதிர் என்று வரைபடம் எதுவும் இல்லாமலே உருவங்கள் வளர்ந்துகொண்டு வரும். உள்ளங்கையில் அடங்கும் கிண்ணத்துக்கே பல மணி நேர உழைப்பு தேவைப்படுகிறது. மானும் பெயோத்தேயும் சோளமும் அவர்களுடைய வழிபாட்டின் மையம். இப்படி மணி பதித்த கிண்ணங்களை அவர்கள் தெய்வங்களுக்குக் காணிக்கையாகப் படைத்துவந்தார்கள். விற்பனைக்காகப் பெரிய அளவில் செய்யத் தொடங்கியது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகுதான்.

இந்தக் கலையின் பொறுமை எவ்வளவு என்று அறிய விரும்புகிறவர்கள் மெக்சிகோ நகரத்தின் மக்கள் கலை அருங்காட்சியக முயற்சியில் 2010இல் உருவான வோச்சோல் என்ற காரின் படத்தைத் தேடிப் பாருங்கள். ஒரு ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் உடல் முழுவதையும் விராரிகா கலைஞர்கள் 20 லட்சத்துக்கும் அதிகமான மணிகளால் போர்த்தினார்கள்.

வாங்கும்போது நான் பார்ப்பவை சில உண்டு. மணிகள் எவ்வளவு சிறியவையோ அவ்வளவு வேலை அதிகம், விலையும் அதிகம். வரிசைகள் இடைவெளி இல்லாமல் ஓடுகின்றனவா, உருவத்தின் விளிம்பில் நிறம் மாறும் இடம் சுத்தமாக இருக்கிறதா என்று கவனியுங்கள். ஓரத்தில், அனுமதி கேட்டுவிட்டு, ஒரு மணியை நகத்தால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். மெழுகில் பதித்தது என்றால் லேசாக இசைந்து கொடுக்கும், பசையில் ஒட்டியது கல்லாக நிற்கும். பிசினில் வார்த்த ஜாகுவார் தலைகள்மீது பசை தடவி மணி ஒட்டியவையும், மணி போலத் தோன்றும்படி புள்ளி வைத்து வண்ணம் தீட்டியவையும் தீவுக் கடைகளில் உண்டு. அவற்றை விற்பவர்களும் 'ஹுயிச்சோல்' என்றுதான் சொல்வார்கள். யார் செய்தது, எந்த ஊர்க்காரர் என்று கேளுங்கள். கலைஞரிடமே நேராக வாங்கி விற்கும் கடைக்காரர் கலைஞரின் பெயரையும் கிராமத்தையும் தயங்காமல் சொல்வார்.

மணிவேலைக்கு அடுத்து நூலோவியம். பலகையில் மெழுகு தடவி, வண்ண நூலை இழை இழையாக அழுத்திப் பதித்துச் செய்யும் ஓவியம் அது. ஹோசே பெனீத்தெஸ் சான்செஸ் போன்ற கலைஞர்களால் இது உலகறிந்த கலையாயிற்று. நூலோவியத்தைக் கையில் எடுத்தால் முதலில் திருப்பிப் பாருங்கள். நல்ல படைப்புகள் பலவற்றின் பின்புறத்தில் கலைஞர் தன் கையெழுத்திட்டு, ஓவியத்தில் வரும் கதையைச் சில வரிகளில் ஸ்பானியத்தில் எழுதியிருப்பார். எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் சிறிய நூலோவியத்தின் பின்புறத்தில் நீல மையில், சற்றே சாய்ந்த எழுத்தில், மான் வழிகாட்டியதையும் யாத்திரிகர்கள் அதைப் பின்தொடர்ந்ததையும் பற்றிய வரிகள் உள்ளன. முன்புறத்தைப் போலவே அந்தப் பின்புறமும் எனக்கு அருமையானது.

இந்தக் கலையைத் தரமாக வைத்திருக்கும் காட்சிக்கூடங்கள் பழைய மையத்தில், தேவாலயத்துக்கு வடக்கேயும் மேட்டுப் பக்கமும் உள்ள கல்பாவிய தெருக்களில் இருக்கின்றன. குளிர்காலப் பருவத்தில் புதன்கிழமை மாலைகளில் பல கூடங்கள் சேர்ந்து இரவு வரை கதவைத் திறந்து வைக்கும். கலைஞர்களே வந்து நிற்பதும் உண்டு. அங்கே விலை அதிகம்தான். வாங்காவிட்டாலும் ஒரு மாலை போய்ப் பாருங்கள், ஏனென்றால் நல்ல வேலைப்பாட்டைக் கண் ஒருமுறை பழகிக்கொண்டால் மறுநாள் சந்தையில் எதை எடுப்பது, எதை விடுவது என்பது தானாகவே விளங்கும். சிவாவா மாநிலத்து மாத்தா ஒர்த்தீஸ் மண்பாண்டங்களையும் இந்தக் கூடங்களில் காணலாம். சக்கரம் இல்லாமல் கையாலேயே எழுப்பி, முடி போன்ற மெல்லிய கோடுகளால் வரைந்த அந்தப் பானைகளுக்கு முன்னால் நின்றால் நேரம் போவதே தெரியாது.

பளிங்கான வெள்ளைப் பூச்சும் நீலக் கோலங்களும் கொண்ட தலவேரா மண்பாண்டங்கள் ஊர் முழுக்க விற்கப்படுகின்றன. உண்மையான தலவேரா புவெப்லா, த்லஸ்கலா மாநிலங்களின் குறிப்பிட்ட ஊர்களில் மட்டுமே செய்யப்படுவது; அந்தக் கைத்தொழிலை 2019இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. அடிப்பகுதியில் பட்டறையின் பெயரும் வரைந்தவரின் அடையாளமும் இருக்கும், வண்ணம் பூச்சின்மீது சற்றே மேடாக விரலுக்குத் தட்டும். சந்தையில் குறைந்த விலையில் கிடைப்பவை பெரும்பாலும் வேறு ஊர்களில் அதே பாணியில் செய்யப்பட்டவை. அழகில் அவை குறைந்தவை அல்ல. கழிவறைச் சுவருக்கோ வாசல் எண்ணுக்கோ ஓடுகள் வாங்க அவையே ஏற்றவை. உணவு பரிமாறுவதற்கு என்றால் மட்டும் எச்சரிக்கை தேவை. மெக்சிகோவில் குறைந்த சூட்டில் சுட்டு மெருகேற்றிய சில மண்பாண்டங்களின் பூச்சில் ஈயம் இருக்கும். புளிப்பான உணவு பட்டால் அது கரைந்து இறங்கும். புளிக்குழம்பும் ரசமும் ஊறுகாயும் புழங்கும் நம் சமையலறைக்கு அது கொஞ்சமும் ஆகாது. ஈயம் இல்லை என்பதற்கான 'லிப்ரே தெ ப்லோமோ' குறிப்பு இல்லாத பாத்திரத்தை அலங்காரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி நகை கெரேரோ மாநிலத்தின் தாஸ்கோ நகரிலிருந்து வருகிறது; 1930களில் வில்லியம் ஸ்ப்ராட்லிங் என்ற அமெரிக்கர் அங்கே தொடங்கிய பட்டறையால் அந்த ஊர் வெள்ளி வேலைக்குப் பெயர்பெற்றது. நகையில் 925 என்ற முத்திரையைத் தேடுங்கள். செய்த பட்டறையின் முத்திரையும் கூடவே இருந்தால் இன்னும் நல்லது. கடற்கரை மணலில் பெட்டியைத் திறந்து காட்டுபவர்களிடம் இருப்பது பெரும்பாலும் அல்பாக்கா என்ற கலப்பு உலோகம். செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த அதில் வெள்ளி துளியும் இல்லை. காந்தத்தை வைத்துக் காட்டி உண்மையான வெள்ளி என்று நிரூபிப்பார்கள். அல்பாக்காவும் காந்தத்தில் ஒட்டாது என்பதால் அந்தச் சோதனையை நம்ப வேண்டாம். நகையாக வாங்குவது என்றால் எடை போட்டு ரசீது தரும் கடைக்குப் போவதே சரி.

குளிர்காலத்தில் போகிறவர்களுக்குக் கட்டாயமாகச் சொல்வது சனிக்கிழமைச் சந்தை. ஆற்றுக்குத் தெற்கே லாசரோ கார்தெனாஸ் பூங்காவில், நவம்பர் முதல் ஏப்ரல் வரையான பருவத்தில், சனிக்கிழமை காலைகளில் ஓலாஸ் அல்த்தாஸ் உழவர் சந்தை நடக்கிறது. செய்தவரே விற்க வேண்டும் என்பது அந்தச் சந்தையின் அடிப்படை. அதனால் ரொட்டி சுட்டவரிடமே ரொட்டியையும், தேன் எடுத்தவரிடமே தேனையும், நெய்தவரிடமே துணியையும் வாங்கலாம். பூங்காவின் இருக்கைகளும் தூண்களும் வண்ண ஓட்டுத் துண்டுகளால் போர்த்தப்பட்டிருக்கும். அந்த வேலைப்பாட்டைப் பார்ப்பதற்கென்றே தனியாக ஒரு நடை போகலாம். பத்து மணிக்கு மேல் கூட்டம் தாங்காது, ஆகவே திறந்தவுடன் போய்விடுங்கள்.

எனக்குத் தனிப்பட்ட முறையில் மனம் நிறைவது உள்ளூர்க்காரர்கள் மளிகை வாங்கும் கடைகளில்தான். காய்ந்த மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே நின்றால் நம் ஊர்ச் சந்தையில் நிற்பது போன்ற நெடி மூக்கில் ஏறும். மிளகாயின் தாயகமே மெக்சிகோ. போர்த்துகீசியர் மூலம் 16ஆம் நூற்றாண்டில் நம் பக்கம் வந்து சேர்ந்த காய் அது. அங்கே ஒரே கடையில் ஆஞ்சோ, குவாஹியோ, பாசியா, சிப்போத்லே என்று பல வகை மிளகாய்கள் இருக்கும். குவாஹியோ நிறத்துக்கு நல்லது, காரம் மிதம். சட்னிக்கும் வத்தக்குழம்புக்கும் நான் தயங்காமல் பயன்படுத்துகிறேன். ஆஞ்சோவில் உலர்திராட்சை மணம் இருக்கும். சிப்போத்லே புகையூட்டியது என்பதால் கொஞ்சமாகப் போட வேண்டும். தோல் வளைந்து கொடுக்க வேண்டும், நொறுங்கக் கூடாது. அதுதான் புது மிளகாய்க்கு அடையாளம்.

மிளகாய்க்கு எதிர்த்திசையில் போனது புளி. ஹாலிஸ்கோவின் கடலோரத்தில் புளி நன்றாக விளைகிறது. உப்பும் சர்க்கரையும் மிளகாய்த்தூளும் சேர்த்து உருட்டிய புளி மிட்டாயைக் குழந்தைகளுக்காக வாங்கினால் பெரியவர்களுக்கு மிஞ்சாது. கூம்பு வடிவில் வார்த்த வெல்லமும் கிடைக்கும். பிலோன்சியோ என்று கேளுங்கள். மலையூரான தால்பாவிலிருந்து வரும் கொய்யாச் சுருள், கொய்யாக் கூழைக் கிளறி இறுக்கிச் சுருட்டிய இனிப்பு, வாரக்கணக்கில் கெடாது. அலுவலகத்தில் பங்கிட்டுக் கொடுக்க அதைவிட நல்ல பொருளை நான் கண்டதில்லை. சான் செபஸ்தியான் தெல் ஒயெஸ்தே என்ற பழைய சுரங்க ஊரைச் சுற்றி விளையும் காப்பிக்கொட்டையும் நகரக் கடைகளில் கிடைக்கிறது, அதையும் விட்டுவிடாதீர்கள்.

மொல்கஹேத்தே என்ற மூன்று கால் கல்லுரல் பலருக்கு ஆசையைத் தூண்டும். எரிமலைக் கல்லில் குடைந்ததே உண்மையானது. சிமெண்டில் கல்துகள் கலந்து வார்த்தவையும் அதே வடிவில் விற்கப்படுகின்றன. குழியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழவியால் தேய்த்துப் பாருங்கள்: தொடர்ந்து சாம்பல் நிறக் குழம்பாகக் கரைந்து வந்தால் அதை வைத்துவிட்டு வாருங்கள். நல்ல கல்லாக இருந்தால் வீட்டுக்கு வந்ததும் பச்சரிசியைப் போட்டுப் பலமுறை அரைத்துக் கழுவ வேண்டும். புது அம்மியைப் பழக்கிய பாட்டிமார்களுக்கு இதில் சொல்லித்தர ஒன்றுமில்லை. எடையை மட்டும் முன்கூட்டியே நினைவில் வையுங்கள், விமானப் பெட்டியில் பாதியை அது விழுங்கிவிடும்.

வனிலா விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் ஏராளம். வனிலாக் கொடியின் தாயகமும் மெக்சிகோதான். வெராகுரூஸ் மாநிலத்தின் பபான்த்லா பகுதி அதற்குப் பெயர்போனது. பூவொன்றைக் கையால் மகரந்தம் சேர்த்துக் காய்க்கவைத்து, மாதக்கணக்கில் பதப்படுத்தும் பொருள் மலிவாக இருக்க வாய்ப்பே இல்லை. ஆகவே ஒரு லிட்டர் குப்பியில் சில டாலருக்கு விற்பது செயற்கை மணப்பொருள்தான். சிலவற்றில் டோங்கா விதையிலிருந்து வரும் கூமரின் கலந்திருக்கலாம். கல்லீரலுக்குக் கேடு என்பதால் அதை உணவில் சேர்க்க அமெரிக்கா 1954இல் தடை விதித்தது. சிறிய குப்பியில், பொருட்பட்டியல் தெளிவாக அச்சிட்ட சாற்றையோ, எண்ணெய்ப் பசையோடு கறுத்து வளையும் முழுக் காய்களையோ வாங்குங்கள்.

மது அருந்துகிற நண்பர்களுக்கு டெக்கிலா பற்றி இரண்டு விஷயங்கள் போதும். சிட்டையில் '100 சதவீதம் அகாவே' என்று இருக்க வேண்டும்; டெக்கிலா காய்ச்சப்படும் கற்றாழை போன்ற செடிதான் அகாவே. அப்படி இல்லை என்றால் பாதிக்குச் சற்றுக் குறைவான சர்க்கரை வரை வேறு மூலத்திலிருந்து சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. வடிப்பாலையைக் காட்டும் 'நோம்' எண்ணும் இருக்க வேண்டும். டெக்கிலா எங்கும் கிடைக்கும் என்பதால், அதைவிட ரைசியாவைப் பரிந்துரைப்பேன். வயார்த்தாவைச் சூழ்ந்த மலைகளிலும் கடலோரத்திலும் சிறு வடிப்பாலைகளில் தலைமுறைகளாகக் காய்ச்சி வந்த இந்த அகாவே மதுவுக்கு 2019இல்தான் பிறப்பிடப் பெயர் உரிமை கிடைத்தது. இது உண்மையிலேயே அந்த மண்ணின் சரக்கு. வழியோரத்தில் சிட்டையில்லாத பிளாஸ்டிக் குப்பியில் விற்பதை வாங்காமல், முத்திரையிட்ட குப்பியாக வாங்குங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, மெக்சிகோ நாணயமான பெசோவில் கொடுப்பதே எப்போதும் லாபம். டாலரை எல்லாரும் வாங்குவார்கள், ஆனால் கடைக்காரர் வைக்கும் மாற்று விகிதம் அவருக்குச் சாதகமாகவே இருக்கும். வங்கிக் கிளையோடு சேர்ந்த இயந்திரத்தில் பணம் எடுங்கள். உங்கள் நாட்டு நாணயத்துக்கு மாற்றித் தரட்டுமா என்று திரை கேட்டால் மறுத்துவிடுங்கள், உங்கள் வங்கியின் விகிதமே பெரும்பாலும் உங்களுக்குச் சாதகமாக இருக்கும். தரையில் கடை விரித்தவர்களிடம் பெரிய நோட்டுக்குச் சில்லறை இருக்காது. காலையிலேயே சிறிய நோட்டுகளாக மாற்றி வைத்துக்கொள்வது அவர்களுக்கும் உதவி.

எவ்வளவு மலிவாகத் தந்தாலும் தொடக்கூடாத பொருட்கள் உண்டு. பண்டேராஸ் விரிகுடாவின் கரைகளில் கடலாமைகள் முட்டையிட வருகின்றன. 1990 முதல் மெக்சிகோவில் கடலாமையைப் பிடிப்பதும் அதன் ஓடு, தோல், முட்டையை விற்பதும் முழுத் தடை செய்யப்பட்டிருக்கின்றன. ஆமையோட்டுச் சீப்பும் வளையலும் இன்னும் எங்காவது தலைகாட்டினால் விலகிப் போய்விடுங்கள். கறுப்புப் பவள நகையை உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டி எடுத்துப் போக முடியாது. மண்ணில் தோண்டி எடுத்த பழங்காலச் சிலை என்று காதோடு காதாகச் சொல்லி நீட்டுவார்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அத்தகைய தொல்பொருள் யாவும் நாட்டின் உடைமை, வெளியே கொண்டுபோவது குற்றம். அது போலி என்றால் பணம் போகும், உண்மை என்றால் அந்த மக்களின் வரலாறு போகும்.

வாங்கியவற்றைப் பத்திரமாகக் கொண்டுவருவதும் வேலைதான். மணிவேலையும் நூலோவியமும் மெழுகின்மீது நிற்பவை. வெயிலில் நிறுத்திய காரில் விட்டால் மெழுகு இளகி மணிகள் நகர்ந்துவிடும். மெல்லிய தாளில் சுற்றி, பருத்தித் துணிகளுக்கு நடுவே வைத்து, கைப்பையிலேயே எடுத்து வாருங்கள். வீட்டிலும் சன்னல் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். மண்பாண்டங்களுக்குள் காலுறைகளைத் திணித்து வைத்தால் அதிர்ச்சி குறையும். குப்பிகள் பெரிய பெட்டிக்குள்தான் போக வேண்டும். கனடா திரும்புகிறவர்கள், 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே தங்கியிருந்தால், 1.14 லிட்டர் வரை மதுவைத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம். அமெரிக்காவுக்கு அது 1 லிட்டர். தின்பண்டங்களையும் மிளகாயையும் சுங்கப் படிவத்தில் மறைக்காமல் குறிப்பிடுங்கள். புதுப் பழங்களை மட்டும் அங்கேயே சாப்பிட்டு முடித்துவிட்டு வாருங்கள். விமான நிலையக் கடைகளில் கடைசி நேரத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவைக்காதீர்கள், மணிக்கிண்ணம் வேண்டுமென்றால் ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முதல்நாள் மாலையே ஆற்றங்கரைப் பக்கம் போய் வாங்கிவிடுங்கள்.